நாளை ஒரே நாள் விடுமுறை: பகாவிலிருந்து மலாக்காவுக்குக் காரில் போகிறோம், வழியும் யோசனையும் வேண்டும்

ஜெம்போல் ஐவர்
ஞாயிறு, மாலை 4.10

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜெம்போல் மாவட்டத்துப் பகாவில் வசிக்கும் ஐந்து நண்பர்கள். ஒரே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தோம். தோட்டத்தில் பால்மரத்தை (ரப்பரை) அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் பெற்றோருடன் வெளியேறி, இப்போது ஆளுக்கொரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். பொது விடுமுறை இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் நாளை திங்கட்கிழமை மாற்று விடுமுறை. ஆனாலும் எங்களில் மூவருக்குத் தொழிற்சாலையில் மிகைநேர வேலை இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அது இல்லை என்ற செய்தி இன்று மதியம்தான் கைப்பேசிக்கு வந்தது. உணவுக்கடையில் தே தாரே குடித்துக்கொண்டிருந்த நாங்கள், அந்த மேசையிலேயே, நாளை ஐவரும் காரெடுத்துக்கொண்டு மலாக்காவுக்குப் போய் வருவதென்று முடிவு செய்துவிட்டோம்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. எங்களில் ஒருவன் வரும் வியாழக்கிழமை வேலைக்காகச் சிங்கப்பூர் புறப்படுகிறான். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைப்பது இப்போதே அரிது. இனி எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. அதனால் நாளைய பொழுதை வீணாக்காமல், அவன் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு நாளாக ஆக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

மலாக்காவுக்கு ஐந்தாம் ஆண்டில் பள்ளிச் சுற்றுலாவாகப் போனதோடு சரி. அன்று பேருந்தில் அழைத்துப் போய் விலங்குத் தோட்டத்தையும் கோட்டை வாயிலையும் காட்டி, மாலைக்குள் திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். எடுத்துச் செல்வது என் அண்ணனுடைய மைவி கார். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. உரிமம் உள்ளவர்கள் இருவர். அவர்களில் ஒருவனுக்கு இன்னும் புதிய ஓட்டுநருக்கான 'பி' உரிமம்தான். அண்ணன் மறுநாள் அதிகாலை வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் இரவு 8 மணிக்குள் காரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நண்பன் ஒருவன் திங்கட்கிழமைகளில் சைவம். ஆளுக்கு 80 ரிங்கிட் வரை செலவு செய்ய முடியும்.

எந்தச் சாலையில் போவது நல்லது, காரில் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும், கிடைக்கும் ஏழெட்டு மணி நேரத்தில் மலாக்காவில் எங்கே போவது என்று தெரிந்தவர்கள் சொல்லி உதவுங்கள். இன்று இரவுக்குள் பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

---

பழைய லாரிக்காரன்
ஞாயிறு, மாலை 4.55

தம்பி, பகாவிலும் ரொம்பின் பக்கமும் 30 ஆண்டுகளுக்கு மேல் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவன் நான். அந்தச் சாலைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மலாக்கா ஊருக்குள் எனக்கு அதிகப் பழக்கம் இல்லை.

பகாவிலிருந்து ஜுவாசே, குவாலா பிலா, தம்பின், அலோர் காஜா வழியாக மலாக்கா என்பதே உங்களுக்கு ஏற்ற பாதை. நூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். நிதானமாக ஓட்டினால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். டோல் கிடையாது. காலை 6 மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். குவாலா பிலாவைத் தாண்டும்போது விடிந்துவிடும், தம்பினில் பசியாறலாம், 8.30 மணிக்கெல்லாம் மலாக்காவில் இருப்பீர்கள். விடுமுறை நாளில் பத்து மணிக்கு மேல் அந்த ஊருக்குள் நுழைகிறவர்கள் காரிலேயே ஒரு மணி நேரத்தைக் கழிக்க நேரும் என்று எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சாலையில் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டத்து முச்சந்திகளில் குலை லாரி திரும்பும் இடத்தில் உதிரிப்பழம் சிதறிக் கிடக்கும். பகலில் அதன் ஆரஞ்சு நிறம் கண்ணில் படும்; விடியுமுன் படாது. டயர் அதன் மேல் ஏறினால் பழம் நசுங்கி எண்ணெய் கசியும். பனி விழுந்த சாலையில் அதன் மேல் பிரேக்கை அழுத்தினால் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளைகள் அப்படி விழுந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் போடாதீர்கள்.

காரைப் பொறுத்தவரை, மைவியில் ஐந்து பெரிய ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் தாழும். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய ஒட்டுத்தாள் இருக்கும். முழுச் சுமைக்கு டயரில் எவ்வளவு காற்று என்று அதில் எழுதியிருப்பார்கள். இன்று மாலையே அந்த அளவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். உதிரிச் சக்கரத்துக்கும் காற்று பாருங்கள். எல்லாரும் மறப்பது அதைத்தான். ஜாக்கியும் சக்கரம் கழற்றும் சாவியும் காரில் இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள், அண்ணன் சொன்னார் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீரை வண்டி சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. நாளைக் காலையில் எஞ்சினை முடுக்குவதற்கு முன் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குவாலா பிலாவிலிருந்து சிரம்பானுக்குப் போகும் புக்கிட் பூத்துஸ் ஏற்றத்தில் புதிய சாலை வருவதற்கு முன் ஒரு தீபாவளிக்கு முதல் நாள் குடும்பத்தோடு சிரம்பானுக்குப் போனேன். முந்தின நாள்தான் ஒரு பட்டறையில் கொடுத்து எல்லாம் பார்த்துவிட்டதாகச் சொல்லி வாங்கியிருந்தேன். ஏற்றத்தில் பாதி வழியில் வெப்பமுள் சிவப்புக்குப் போய்விட்டது. ரேடியேட்டர் குழாயின் கவ்வியை அவர்கள் இறுக்கவே இல்லை. கைக்குழந்தையோடு அந்த வளைவில் மூன்று மணி நேரம் நின்றோம். அன்றிலிருந்து பட்டறையில் கொடுத்து வாங்கினாலும் மூடியைத் திறந்து நானே ஒருமுறை பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

'பி' உரிமம் உள்ள தம்பி ஓட்டும்போது முன்னும் பின்னும் 'பி' ஒட்டு இருக்க வேண்டும். போகும்போது வேண்டுமானால் அவர் ஓட்டட்டும். திரும்பி வருகையில், பொழுது சாய்ந்த பிறகு, மூத்த உரிமக்காரரே ஓட்டட்டும்.

---

சிரம்பான் சாலை
ஞாயிறு, மாலை 5.20

லாரிக்கார ஐயா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் எனக்கு வேறு கருத்து உண்டு. இளைஞர்கள், பழைய கார், அதிகம் பழகாத சாலை என்று பார்க்கும்போது குவாலா பிலாவிலிருந்து சிரம்பானுக்கு வந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஆயர் குரோ வெளியேற்றத்தில் இறங்குவதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன். தூரம் கூடும், டோல் கட்ட வேண்டும், உண்மைதான். ஆனால் வண்டி நின்றுவிட்டால் நெடுஞ்சாலையின் ரோந்து வண்டி வந்து உதவும். ஓய்விடங்களில் கழிப்பறையும் சாப்பாடும் உண்டு. டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று மட்டும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பழைய லாரிக்காரன்
ஞாயிறு, மாலை 5.35

போகும்போது நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம் ஐயா. வரும்போதுதான் சிக்கல். நீண்ட விடுமுறையின் கடைசி நாள் மாலையில் ஜொகூரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் கோலாலம்பூருக்குத் திரும்புகிற கார்கள் அனைத்தும் ஆயர் குரோவுக்கும் சிரம்பானுக்கும் இடையில்தான் நெருக்கிக்கொண்டு நிற்கும். 8 மணிக்குக் கார் சாவியைக் கொடுக்க வேண்டிய பிள்ளைகள் அதில் மாட்டக்கூடாது. எந்த வழியில் போனாலும், திரும்புவது தம்பின் வழியாக இருக்கட்டும்.

---

குவாலா பிலா மகள்
ஞாயிறு, மாலை 6.40

தம்பி, நான் குவாலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மலாக்காவில் வாழ்க்கைப்பட்டு 22 ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு விடுமுறைக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிற உறவுப் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே நாளில் கோட்டை, கோபுரம், ஆற்றுப் படகு, கடற்கரை, விலங்குத் தோட்டம் என்று எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். அப்படி வருகிறவர்கள் நாளின் பாதியைக் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே செலவழித்துவிட்டு, மாலையில் ஒருவர்மேல் ஒருவர் எரிச்சலோடு திரும்புகிறார்கள். ஒரு நண்பனை வழியனுப்பும் நாள் என்கிறீர்கள். நடந்தே போகக்கூடிய ஒரு சிறிய வட்டத்தையும், காரில் சிறிது தூரம் போய்ப் பார்க்கும் ஓர் இடத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்கும் வட்டம் ஜாலான் துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த பழைய நகரப் பகுதிக்குள் அது இருக்கிறது. அந்தத் தெருவில்தான் நம் பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781ஆம் ஆண்டு கட்டப்பட்டது. இந்த நாட்டில் இன்றும் பூசை நடக்கும் மிகப் பழைய இந்து ஆலயங்களில் ஒன்று. அதிலிருந்து சில எட்டுகளில் 1748ஆம் ஆண்டில் எழுந்த கம்போங் கிலிங் மசூதி. இன்னும் கொஞ்சம் நடந்தால் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீன ஆலயம். மூன்றும் ஒரே நடையில் முடியும்.

ஆலயத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உச்சிக்காலப் பூசைக்குப் பிறகு நடை சாத்திவிடுவார்கள். அந்தத் தெருக்கள் குறுகலானவை, பெரும்பாலும் ஒருவழி. காரை அங்கே கொண்டுபோகாமல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில்தான் நடக்கும். நாளை திங்கட்கிழமை என்பதால் அது இருக்காது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். அது இருந்தால் உங்களால் 8 மணிக்குள் வீடு போய்ச் சேர முடியாது.

காரில் போக வேண்டிய இடம் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டி. இதைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அங்கே வாழ்கிறார்கள். பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பியவர்களும் அவர்களே. பேச்சு மலாய், பெண்களின் உடை கெபாயா சட்டையும் சாரோங்கும், வழிபாடு சைவம். 1822ஆம் ஆண்டைச் சேர்ந்த முத்து மாரியம்மன் ஆலயம் அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் அதன் திருவிழாவை டத்தோ சாச்சார் என்கிறார்கள். முன்னோருக்கு வாழையிலையில் படைப்பதை அவர்கள் பார்ச்சு என்கிறார்கள். பொங்கலையொட்டி ஒருமுறை, ஆண்டின் நடுவில் பழக் காலத்தில் ஒருமுறை.

நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்து பால்மரம் வெட்டியதிலிருந்துதான் இந்த மண்ணில் தமிழர் கதை தொடங்குகிறது என்று தோட்டத்தில் வளர்ந்த நாம் நினைத்துக்கொள்கிறோம். நானும் திருமணமாகி இங்கே வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தக் கிராமத்தின் வாசலில் நிற்கும்போது அந்த எண்ணம் மாறும்.

சைவத் தம்பிக்குக் கவலை வேண்டாம். ஜாலான் பெண்டஹாரா, ஜாலான் தெமெங்கோங் பக்கம் நம் கடைவீதி இருக்கிறது. வாழையிலையில் சைவச் சாப்பாடு கிடைக்கும்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியர்
ஞாயிறு, இரவு 7.30

சகோதரி எழுதியதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அதோடு சேர்த்து ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தப் பயணம் பகாவிலிருந்து தொடங்குகிறது.

உங்கள் ஜெம்போல் மாவட்டத்தில்தான் பெனாரிக்கான் என்ற பழைய பாதை இருந்தது. மூவார் ஆற்றின் வழியாக உள்நாட்டுக்கு வந்த படகுகள் அதன் கிளையான ஜெம்போல் ஆற்றில் ஏறி வரும். அங்கிருந்து செர்த்திங் ஆற்றுக்கு உள்ள குறுகிய நிலத்தின் மேல் படகைக் கையால் இழுத்துக்கொண்டு போவார்கள். செர்த்திங், பெரா ஆற்றின் வழியாகப் பகாங் ஆற்றில் சேர்கிறது. அதன் வழியே கிழக்குக் கடல் வரை போய்விடலாம். மலாய் மொழியில் தாரிக் என்றால் இழு. இழுத்த இடம் என்பதால் பெனாரிக்கான். மலாக்கா நீரிணையையும் தீபகற்பத்தின் கிழக்குக் கரையையும் இணைத்த அந்தத் தரைத்துண்டு இன்று நீங்கள் கார் ஓட்டுகிற செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. பகாவை ரப்பர் பிறப்பித்த ஊர் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

மலாக்கா சுல்தானகத்தில் துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருடைய பொறுப்பில் தமிழ் வணிகர்களும் இருந்தார்கள். 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றிய பிறகு, நீனா சத்து என்ற தமிழ் வணிகரைத்தான் பெண்டஹாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார்கள். கோட்டை வாயிலைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டையில் இன்று நிற்பது அந்த ஒரு வாயில் மட்டுமே.

தம்பினை அடுத்து, மாநில எல்லையைத் தாண்டியவுடன் புலாவ் செபாங் ரயில் நிலையத்தைப் பார்ப்பீர்கள். மலாக்கா நகருக்கு இன்று ரயில் இல்லை. முன்பு தம்பினிலிருந்து ஒரு கிளைப்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பாதையில் வேலை செய்ய நம் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்கள் ஏராளம். என் தந்தையின் மூத்த சகோதரர் அவர்களில் ஒருவர். அந்த நிலையத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் காரின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், தம்பி.

---

ஜெம்போல் ஐவர்
ஞாயிறு, இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. தம்பின் வழியாகவே போய்த் தம்பின் வழியாகவே திரும்புவதென்று தீர்மானித்துவிட்டோம். லாரிக்கார ஐயா, நீங்கள் சொன்னபடி உதிரிச் சக்கரத்தை எடுத்துப் பார்த்தோம். அதில் காற்று அறவே இல்லை. பெட்ரோல் நிலையத்தில் ஐந்து சக்கரங்களுக்கும் அடித்துக்கொண்டு இப்போதுதான் வீடு திரும்பினோம்.

அக்கா, ஒரே ஒரு கேள்வி. கம்போங் செட்டி மக்கள் வாழ்கிற இடம். அழைப்பில்லாமல் ஐந்து வாலிபர்கள் போய் நின்றால் அவர்கள் தவறாக நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

---

குவாலா பிலா மகள்
ஞாயிறு, இரவு 9.10

இப்படிக் கேட்கத் தோன்றியதே நல்ல குணம் தம்பி. கிராமத்தில் அவர்களுடைய சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. விடுமுறை நாளில் திறந்திருக்கிறதா என்று காலையிலேயே கேட்டுக்கொண்டு, திறந்திருந்தால் முதலில் அங்கே போங்கள். ஆலயத்துக்குள் எப்போதும்போல் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாம். வீடுகளைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். வாசலில் பெரியவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் மலாயில் வணக்கம் சொல்லி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களிடம் தமிழில் பேசிப் பார்த்து, தெரியவில்லையா என்று வியப்புக் காட்ட வேண்டாம். வருகிற தமிழர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அது அவர்கள் மனத்தைப் புண்படுத்துகிறது.

அரைக்கால் சட்டை வேண்டாம், மசூதிக்கும் போகப் போகிறீர்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

---

ஜெம்போல் ஐவர்
செவ்வாய், இரவு 9.30

நேற்று நல்லபடியாகப் போய், இரவு 7.40க்கு வீடு திரும்பினோம். வழி சொன்னவர்களுக்கு எப்படி முடிந்தது என்று எழுதுவது கடமை என்பதால் எழுதுகிறேன்.

காலை 5.50க்குப் புறப்பட்டோம். ஜுவாசேக்கு முன் ஒரு தோட்டத்துச் சந்தியில், ஐயா எச்சரித்தபடியே, சாலை நெடுக உதிரிப்பழம் கிடந்தது. முன்பே வேகத்தைக் குறைத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. தம்பினில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். புலாவ் செபாங் நிலையத்தைக் கடக்கும்போது காரை ஓரமாக நிறுத்தி, ஆசிரியர் ஐயா எழுதியதை நண்பன் ஒருவன் கைப்பேசியிலிருந்து உரக்கப் படித்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவும் சயாமுக்குப் போனவர் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிறு வயதிலிருந்தே பழகுகிறோம். அவன் அதை ஒருநாளும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

மலாக்காவில் 8.20க்குக் காரை நிறுத்தினோம். பொய்யாத விநாயகர் ஆலயத்தில் கூட்டமே இல்லை. சிங்கப்பூர் போகும் நண்பன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது அவனுக்குத் தெரியவில்லை. அங்கிருந்தே அவன் அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுச் சொன்னோம். அவன் அம்மா அழுதுவிட்டார். கம்போங் கிலிங் மசூதியின் கூரை மூன்றடுக்காக உயர்கிறது. அதன் மினாரா சீனப் பகோடாவைப் போல இருக்கிறது. இப்படி ஒரு மசூதியை நாங்கள் இதற்கு முன் பார்த்ததில்லை. கோட்டை வாயிலையும் குன்றின் மேலுள்ள பழைய தேவாலயத்தையும் வேகமாகப் பார்த்துவிட்டு, ஜாலான் பெண்டஹாராவில் ஐவரும் சைவமாகவே சாப்பிட்டோம்.

மதியத்துக்கு மேல் கம்போங் செட்டி. மாரியம்மன் ஆலயத்தில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்கா சொல்லித்தந்தபடி மலாயில் வணக்கம் சொல்லி, பகாவிலிருந்து வருகிறோம், தோட்டத்துப் பிள்ளைகள் என்று சொன்னோம். உள்ளே வந்து உட்காரச் சொன்னார். நிலைப்படிக்கு மேல் மாவிலை கட்டியிருந்தது. எங்கள் லயத்து வீட்டில் அம்மா கட்டியதைப் போலவே, காம்பு மேலாக, நுனி கீழாக. நடுச்சுவரில் கறுப்பு வெள்ளையில் அவருடைய தாத்தாவின் படம். சாரோங் கட்டி, நீண்ட சட்டை போட்டு, தலையில் துணி சுற்றியிருந்தார். அந்தத் துணியைக் காட்டி அவர் மலாயில் விளக்கிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு சொல் மட்டும் எங்கள் ஐந்து பேர் காதிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. "தாலாப்பா" என்றார். தலைப்பா. நண்பன் ஒருவன் அதைத் திரும்பச் சொன்னான். அவர் தலையை ஆட்டி மறுபடியும் சொன்னார். அதற்கு மேல் நாங்களும் எதையும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரும்பும் வழியில் சாலையோரக் கடை ஒன்றில் புத்து பிரிங் வாங்கினோம். சிறிய தட்டு அச்சில் அரிசி மாவைப் பரப்பி, நடுவில் மலாக்காச் சர்க்கரையை வைத்து, மேலே இன்னொரு பிடி மாவால் மூடி, துணியோடு சேர்த்து ஆவியில் கவிழ்க்கிறார்கள். ஒரு நிமிடத்தில் எடுத்துத் தேங்காய்ப்பூவோடு தருகிறார்கள். கடித்தால் உள்ளே உருகிய சர்க்கரை கையில் வழிகிறது. ஒரு பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா பிரித்துப் பார்த்து, "புட்டுதானே?" என்று கேட்டுவிட்டு, ஆறிப்போயிருந்ததைத் திரும்ப ஆவி கட்டித் தம்பி தங்கைக்குக் கொடுத்தார்.

ஆளுக்கு 61 ரிங்கிட் செலவானது. மீந்த பணத்தில் அண்ணனின் காருக்குப் பெட்ரோலை நிரப்பிக் கொடுத்தோம். நண்பன் வியாழக்கிழமை அதிகாலைப் பேருந்தில் புறப்படுகிறான். நால்வரும் நிலையத்துக்குப் போகிறோம். ஜனவரியில் பார்ச்சு படைக்கும்போது வாருங்கள் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு அவன் விடுப்பு எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.